விடைத்தாளுக்குப் பதில் ஓர் அடங்கல்

போன மாதம் கவிதா போன் செய்தாள். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த கல்லூரியின் தேர்வுப் பிரிவில், எனக்குப் பிறகு கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா, நம்ம ஸ்ட்ராங் ரூம எடுத்துட்டாங்க. வீடியோ பாடம் எடுக்குற ஸ்டுடியோ ஆக்கப் போறாங்களாம். செவுரு பூரா பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்காங்க."

"ஒட்டட்டும்."

"உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சேன்."

"எதுக்குடி வருத்தம்? அந்த ரூமுக்குள்ள முப்பத்து நாலு வருஷம் தும்மியிருக்கேன். இனிமே வாத்தியாருங்க தும்மட்டும்."

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர், எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்ட பிறகு நமக்கு என்ன வேலை என்று கேட்கிறார்களாம். "நீங்க அந்த அடங்கல் விஷயத்த எழுதிக் குடுங்க அக்கா. நான் சொன்னா கதை விடுறேங்குதுங்க." சரி என்றேன். அந்த விஷயத்தில் நான் நல்ல பேர் எடுக்கவில்லை. நல்ல பேர் எடுத்ததையெல்லாம் என் பணி நிறைவு விழாவிலேயே எல்லோரும் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், ஆகவே மிச்சம் இருப்பது இதுதான்.

என் பெயர் ஜெயராணி. பிறந்தது சீர்காழி, கல்யாணமாகி வந்தது தஞ்சாவூர். டைப்பிங் ஹையர் முடித்த கையோடு வேலையில் சேர்ந்தேன். யாரும் எனக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பு செய்தால் திட்டினார்கள். திட்டு விழாத வேலை சரியான வேலை என்று நானாகப் புரிந்துகொண்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

வேலை என்ன என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ட்ராங் ரூமில் பூட்டி வைத்திருக்கும் கேள்வித்தாள் கட்டைக் காலை ஒன்பதே முக்காலுக்கு முன் பிரிக்கக் கூடாது. பிரிக்கும்போது இரண்டு ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று, முத்திரை உடையாமல் இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் அடுக்குவோம். வராதவர்களின் எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவோம். துணியில் சுற்றித் தைத்து, அரக்கு உருக்கி முத்திரை வைப்போம். பிறகு முகப்புச் சீட்டைக் கிழித்து எடுத்துவிட்டு டம்மி நம்பர் போடுவோம். தாள் யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியாது, திருத்தியது யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற எங்களுக்கு இரண்டும் தெரியும், ஆனால் மூச்சு விடக் கூடாது. "ஆபீஸ்ல அடக்கி வச்சத எல்லாம் இங்க வந்து கொட்டுறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். ஆமாம் என்பேன். வேறு எங்கே கொட்டுவது?

என் கடைசிப் பத்து வருஷமும் எங்களுக்குத் தேர்வு நெறியாளராக இருந்தவர் பரமசிவம் சார். வேதியியல் பேராசிரியர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. குறையோடு வரும் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு பேசுவார். மனுவை இரண்டு தடவை படிப்பார். படித்து முடித்து அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப பேப்பரப் பாக்காம வாயால சொல்லுங்க" என்பார். எழுத்தில் ஒன்றும் வாயில் வேறொன்றுமாக வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பிள்ளைக்கு எதிராக நாங்கள் ஏதாவது குறிப்பு எழுதி வைத்தால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். "மூணு நாள் கெடக்கட்டும் ஜெயராணி. அதுக்குள்ள ஆறிப் போற கோபமா இருந்தா ஆறட்டும்" என்பார். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். கோபம் யாருக்கு என்று அவர் சொன்னதில்லை, அது எனக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

பிறகு அந்த நோய்க் காலம் வந்தது. கல்லூரியைப் பூட்டினார்கள், தேர்வை மட்டும் நிறுத்தவில்லை. காலை பத்து மணிக்குக் கேள்வித்தாள் இணையத்தில் வரும். பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு மணி வரை எழுதலாம். எழுதியதைப் படம் பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி, இரண்டு மணிக்குள் கல்லூரித் தளத்தில் ஏற்ற வேண்டும். கையால் எழுதிய அசலை அன்றைக்கே தபாலிலும் அனுப்ப வேண்டும்.

முதல் நாள் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கங்கள் தலைகீழாக வந்தன. கட்டைவிரல் பாதிப் பதிலை மறைத்தது. ஒரு பையனின் ஏழாம் பக்கத்தில் இட்லித் தட்டு மட்டும் இருந்தது. பிள்ளைகளின் தாளுக்கு அடியில் இருந்த தரையைப் பார்த்தே வீடு எப்படிப்பட்டது என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். மொசைக், சிமெண்டு, சாணம் மெழுகிய தரை, கயிற்றுக் கட்டில். ஒன்றில் ஆஸ்பத்திரிப் போர்வை. அதுவரை எனக்கு அவர்கள் பதிவெண் மட்டும்தான். எத்தனையோ வருஷமாக எண்களை அடுக்கிக் கட்டிய நான் அந்தத் தரைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒளிப்பானேன்.

இந்த முறையை நான் முதலில் திட்டினேன். ஆனால் அதில் ஒரு நல்லது நடந்தது. பழைய பாடத்திட்டத்தில் படித்து, ஒரு தாளில் மட்டும் தேறாமல் போனவர்களுக்கு எங்கள் கல்லூரி கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தது. இதிலும் தேறாவிட்டால் அந்தப் பட்டம் அவ்வளவுதான், மூன்று வருஷப் படிப்பும் வீண். அந்தத் தேர்வையும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். மஸ்கட்டில் வேலை செய்கிறவர் அறையிலிருந்து எழுதினார். லாரி ஓட்டுகிற ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு எழுதினார். நேரில் வா என்றிருந்தால் இவர்களில் பாதிப் பேர் வந்திருக்கவே முடியாது.

நல்லது வந்தால் கூடவே தில்லுமுல்லும் வரத்தான் செய்தது. சில பிள்ளைகள் வேண்டுமென்றே ஏதாவது ஒரு தப்பான ஃபைலை இரண்டு மணிக்குள் ஏற்றிவிடுவார்கள். நாங்கள் திறந்து பார்த்துக் கேட்டால், "ஐயையோ, மாறிப் போச்சு மேடம், இந்தாங்க சரியானது" என்று சாயங்காலம் அனுப்புவார்கள். நடுவில் நாலு மணி நேரம் புத்தகத்தைப் பார்த்து எழுத நேரம் கிடைத்துவிடும். அப்படி எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது, கரண்ட் பில் வந்தது, ஒருவனுடைய ஜாதகமே வந்தது. பரமசிவம் சார் ஒரு விதி போட்டார்: ஃபைல் தப்பாக இருந்தால், தபாலில் வந்த அசலில் அன்றைய தேதி முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்த விடைத்தாள் இரண்டு மணிக்கு முன் எழுதி முடித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கடைசி வாய்ப்புத் தேர்வில், கணிதத் தாளில், ஓர் அடங்கல் வந்தது.

அடங்கல் என்றால், இந்த வயலில் இந்தப் போகம் இந்தப் பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரும் சான்று. பசலி ஆண்டு, புல எண், ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலம், சம்பா நெல், கீழே வட்ட முத்திரை. ஒரே பக்கம். ஏற்றப்பட்ட நேரம் ஒன்று ஐம்பத்து மூன்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அச்செடுத்து ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன். "கணக்குப் பரீட்சைக்கு நெல்லு வந்துருக்கு பாருங்க. போன வாரம் ஜாதகம், இந்த வாரம் வயலு. அடுத்து மாட்டையே ஓட்டிட்டு வந்துருவாங்க."

ஃபைல் தப்பு என்று நாங்கள் செய்தி அனுப்பியிருந்தோம், சாயங்காலம் அந்தப் பெண் போன் செய்தாள். பெயர் வளர்மதி. வயது இருபத்தொன்பது, இரண்டு குழந்தைகள், பட்டுக்கோட்டை ரோட்டில் இறங்கி உள்ளே போகும் ஒரு கிராமம்.

"மேடம், ஃபைல் மாறிப் போச்சு மேடம். நான் எழுதுனது..."

"எல்லாருக்கும்தான் மாறுது. அதென்ன பரீட்சை ஃபைலு மட்டும் மாறுது?"

"சத்தியமா மேடம், ஏழு வருஷமா..."

"ஏழு வருஷம் படிக்காதவ நாலு மணி நேரத்துல படிச்சுட்டியாக்கும்? வை போன."

இதை நான்தான் சொன்னேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான். வைத்த கையோடு ஒரு குறிப்பும் எழுதினேன்: "வேண்டுமென்றே தவறான கோப்பை ஏற்றிக் கூடுதல் நேரம் பெற முயன்றுள்ளார். இவரது தாளை ஏற்க வேண்டியதில்லை." பரமசிவம் சார் வழக்கம்போல அதைக் கையெழுத்துப் போடாமல் மேஜை ஓரத்தில் வைத்தார். இரண்டு நாள் கழித்து அவளுடைய அசல் தபாலில் வந்தது. இருபத்தாறு பக்கம். ஆனால் உறையில் இருந்த முத்திரை தேர்வுக்கு மறுநாள் தேதி. என் குறிப்புக்குக் கீழே அதையும் சேர்த்து எழுதினேன், மனதில் கொஞ்சம் வெற்றியோடு.

மூன்றாம் நாள் காலை கவுண்ட்டரில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். ஒருத்தி வளர்மதி, முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் அறுபது வயது அம்மாள், கட்டையான உருவம், காலில் சேறு காய்ந்த செருப்பு. அவளுடைய மாமியார் பாக்கியம்.

"இங்க ஜெயராணிங்கிறது யாரு?" என்று கேட்டார் பாக்கியம்.

"நான்தான்."

"ஓ, நீங்கதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சார் இருவரையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார். மனுவைப் படித்தார், கவிழ்த்தார். "இப்ப வாயால சொல்லுங்கம்மா."

வளர்மதி மாமியாரைப் பார்த்தாள். பாக்கியம்தான் சொன்னார்.

"அன்னிக்குப் பயிரு இன்சூரன்சுக்குக் கடைசி நாளு சார். எங்கூரு இ-சேவை மையத்துல ஒரு கம்ப்யூட்டரு, ஊரு சனம் அம்புட்டும் அடங்கலும் சிட்டாவுமா நிக்கிது. நான் விடிய எந்திரிச்சுப் போயி வரிசைல நின்னேன். மத்தியானம் ஒன்னரைக்கு மேலதான் என் மொறை வந்துச்சு. அப்பன்னு பாத்து இவ ஓடியாறா, கையில பேப்பரு. போன்ல ஏத்த மாட்டேங்குது, ரொம்பப் பெருசா இருக்குன்னு சொல்லுதாம். வரிசைல நின்னா ரெண்டு மணி தாண்டிரும். நான் என் மொறையில இவளயும் நிறுத்துனேன். பின்னால நின்னவங்கள்லாம் சத்தம் போட்டாங்க. போடுங்கடான்னுட்டேன்."

"அப்புறம்?"

"அந்த மையத்துத் தம்பி நல்ல புள்ளதான். கூட்டம் நெருக்குது. ஒரே வூடுதானன்னு ரெண்டு பேப்பரையும் சேத்து வாங்கி ஸ்கேன் போட்டுச்சு. ரெண்டு ஃபைலும் பேரில்லாம வெறும் நம்பரா வந்துச்சு, எது யாருதுன்னு தெரியல. என்னுத இங்க ஏத்திருச்சு, இவளுத அங்க ஏத்திருச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெல் வயலின் அடங்கல் எங்கள் தளத்தில் கணிதத் தாளாக உட்கார்ந்திருக்கிறது என்றால், இருபத்தாறு பக்கக் கணிதம் பயிர்க் காப்பீட்டுத் தளத்தில் அடங்கலாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தளமும் வாங்கிக்கொண்டன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இயந்திரம் பார்க்கவில்லை, ஃபைல் சொன்ன அளவுக்குள் இருந்ததா என்று மட்டும் பார்த்தது. இயந்திரத்தைக் குறை சொல்லி என்ன? முழுசாகக் கண் இருந்தும் நானும் அவ்வளவுதான் பார்த்தேன்.

"அசல அன்னிக்கே ஏன் தபால்ல போடல?" என்று கேட்டார் சார்.

"எங்கூரு தபாலாபீசு ரெண்டு மணிக்குப் பூட்டிருவாங்க சார்" என்றாள் வளர்மதி. "மறுநாள் பஸ் ஏறிப் போய்த்தான் போட்டேன்."

"மையத்துக் கம்ப்யூட்டர்ல அந்த ஸ்கேன் இருக்குமா?"

"ஆதார் நகலெல்லாம் கிடக்குதுன்னு அந்த அண்ணன் தெனமும் சாயங்காலம் அழிச்சுருவாங்க சார்."

சார் கவிழ்த்து வைத்த மனுவை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "நீங்க சொல்றத நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்புறது விதியில்ல. ரெண்டு மணிக்கு முன்னாடி இந்த இருபத்தாறு பக்கமும் எழுதி முடிஞ்சிருந்துச்சுன்னு காட்டணும். அந்த இன்சூரன்ஸ் ஃபைல வேளாண் ஆபீஸ்ல திறந்து, அதுல என்ன இருக்கு, எத்தன மணிக்கு ஏறுச்சுன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா போதும்." பிறகு என் பக்கம் பார்த்தார். "ஜெயராணி, குறிப்பு எழுதுனது நீங்க. நீங்களே கூடப் போயிட்டு வாங்க."

பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பாக்கியம் மடியிலிருந்து வேர்க்கடலையை எடுத்து நீட்டினார். "தின்னுங்க. அது என்ன பரிச்ச? கூட்டல் கழித்தலா?"

"இல்லம்மா, அது பெரிய கணக்கு. ரியல் அனாலிசிஸ்."

"எனக்கென்ன தெரியும்? ஆனா மூணு மாசமா அடுப்படில ஒக்காந்து எழுதி எழுதிப் பாப்பா. கொழம்பு தீஞ்சு போவும். கத்துவேன். கத்துனாலும் எழுதுவா."

நான் அங்கேயே சொல்லிவிட்டேன். "வளர்மதி, போன்ல நான் பேசுனது தப்பு. மன்னிச்சுக்கம்மா."

"பரவால்ல மேடம்."

"பரவால்லயாம்ல!" என்றார் பாக்கியம். "ரெண்டு நாளு சோறு தின்னல இவ. நல்லாச் சொல்லு, பரவால்லன்னு." கடலையை மட்டும் மறுபடியும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வட்டார வேளாண் அலுவலகத்தில் இருந்த அதிகாரி ரியாஸ் என்று ஓர் இளைஞர், அதிராம்பட்டினத்துக்காரர். முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"அம்மா, ஒன்னு சொல்றேன், கவனமாக் கேளுங்க. உங்க விண்ணப்பம் ஏறியிருக்கு, ரசீதும் வந்துருச்சு. இந்த இன்சூரன்ஸ்ல ஊருக்கு மொத்தமாத்தான் இழப்பக் கணக்குப் பாப்பாங்க. அடங்கல ஒவ்வொன்னா யாரும் திறந்து பாக்குறது அபூர்வம். இத இப்படியே விட்டா உங்களுக்கு ஒன்னும் ஆகாது. நான் திறந்து, இதுல அடங்கல் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்னா விண்ணப்பம் செல்லாது. கடைசித் தேதி முடிஞ்சுருச்சு, மறுபடி போட முடியாது. மேல எழுதிப் பாக்குறேன், ஆனா நடக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியல."

வளர்மதி எழுந்துவிட்டாள். "வேணாம் அத்தை. வாங்க, போவோம். எனக்கு டிகிரி வேணாம்."

"ஒக்காருடி."

"போன வருஷம் மாதிரி தண்ணி நின்னுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? வேணாம்."

"தண்ணி நிக்கிறதும் நிக்காததும் இனிமே. நீ எழுதுனது எழுதியாச்சு. நெசமா நடந்தத விட்டுட்டு, நடக்குமோ நடக்காதோங்கிறதக் கட்டிக்கிட்டு அழுவச் சொல்றியா?" என்ற பாக்கியம் அதிகாரியிடம் திரும்பினார். "திறங்க தம்பி."

"ஒரு நாள் யோசிச்சு..."

"நாளைக்கு வந்தாலும் இதேதான் சொல்லுவேன். பஸ்ஸுக்கு ரெண்டு தடவ காசு. திறங்க."

இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவசரப்படாதீங்கம்மா, சாரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம் என்று. சொல்லவில்லை. அந்தக் கடிதம் எனக்கும் வேண்டியிருந்தது. நான் எழுதிய குறிப்பை அது ஒன்றுதான் அழிக்கும். என் தப்பைத் திருத்த அந்த அம்மாளின் ஆறு மா நிலத்தின் காப்பீடு போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மூடுவதும், மூட வேண்டிய இடத்தில் திறப்பதும் என் ராசி போலிருக்கிறது.

ரியாஸ் திறந்தார். திரையில் முதல் பக்கம் வந்தது. பதிவெண், தேதி, கணிதம், முதல் கேள்வி. அவர் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். இருபத்தாறு பக்கமும் அங்கே இருந்தன. எல்லாம் திருத்தமான கையெழுத்து. ஏறிய நேரம் ஒன்று ஐம்பத்தொன்று.

"நானும் காலேஜ்ல கணக்குல தடுமாறுனவன்தான்" என்றார் ரியாஸ். "இவ்வளவு அழகா ஒரு அடங்கல நான் பாத்ததே இல்ல."

வளர்மதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாக்கியம் திரைக்கு வெகு அருகில் போய் உற்றுப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். "இம்புட்டும் நீயா எழுதுன?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே கடிதத்தோடும் அச்செடுத்த பக்கங்களோடும் சார் அறைக்குப் போனேன். அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. தபாலில் வந்த அசலை ஒரு பக்கமும், காப்பீட்டுத் தளத்திலிருந்து எடுத்ததை ஒரு பக்கமும் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டார். இரண்டு மணிக்குப் பிறகு ஒரு வரி, ஒரு எண் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. பதினோராம் பக்க ஓரத்தில் குழந்தை கிறுக்கிய ஒரு பென்சில் கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டும் ஒத்துப் போகுது. ஒன்னும் கூடல, குறையல. உங்க பழைய குறிப்ப நீங்களே ரத்து பண்ணி எழுதுங்க."

எழுதினேன். "மேற்கண்ட குறிப்பு தவறானது. மாணவி குறித்த நேரத்தில் தேர்வை முடித்துள்ளார். தீர விசாரிக்காமல் குறிப்பு எழுதியது என் பிழை." கடைசி வாக்கியத்தை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். இருக்கட்டும் சார் என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். தாளுக்கு டம்மி நம்பர் போட்டு மற்றவற்றோடு கலந்து அனுப்பினோம். யாருடையது என்று திருத்துபவருக்குத் தெரியாது. நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது. நான் ஆபீஸிலேயே கத்திவிட்டேன், "பாஸு!" என்று. மூச்சு விடக் கூடாது என்று இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னவள் நான்தான்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆன்லைன் வந்ததில் எனக்குக் கோபமில்லை. அது இல்லாவிட்டால் வளர்மதி அந்தத் தேர்வை எழுதியே இருக்க முடியாது, அடுப்பையும் இரண்டு குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிப்பதா, விசாரிப்பதா என்பது இன்னும் ஆள் செய்கிற வேலைதான். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

பட்டச் சான்றிதழ் வர அடுத்த வருஷம் ஆனது. அதை வாங்க வளர்மதி வந்தபோது பாக்கியமும் கூட வந்தார். நானே கவுண்ட்டருக்குப் போனேன். சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் பெற்றுக்கொண்டவர் இடத்தில் வளர்மதி கையெழுத்துப் போட்டாள். பி.எட். சேர விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாள். பாக்கியம் சான்றிதழை வாங்கி எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் அறுப்பு நேரத்துல மழை பேஞ்சுச்சே, உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

வளர்மதி குரலைத் தாழ்த்தினாள். "மொத்தமும் சாஞ்சு மொளச்சுப் போச்சு மேடம். ஊர்ல எல்லாருக்கும் இன்சூரன்ஸ் வந்துச்சு. எங்களுக்கு மட்டும்..."

"எதுக்குடி அத இங்க வந்து சொல்லிக்கிட்டு?" என்று பாக்கியம் அதட்டினார். "மழை இவுங்களக் கேட்டா பேஞ்சுச்சு?" என்றவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

"அத்தை, நீங்க போட வேண்டியதில்ல."

"கூட வந்துருக்கேன்ல?"

அந்தப் பதிவேட்டில் சாட்சிக்கு இடம் கிடையாது. மாணவர் கையெழுத்து, தேதி, வழங்கியவர் சுருக்கொப்பம், மூன்றே கட்டம். அதில் வேறு ஒரு புள்ளி வைக்கவும் நான் யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு அடிக்கோலை எடுத்தேன். வளர்மதியின் பெயருக்குப் பக்கத்தில், ஓரமாக, புதிதாக ஒரு கட்டம் போட்டுப் பேனாவை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, நிதானமாக எழுதினார்: பாக்கியம்.

அந்த வருஷக் கடைசியில் கல்லூரியை ஆய்வு செய்ய ஒரு குழு வந்தது. பதிவேடுகளைப் புரட்டிய ஒருவர் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். பாக்கியம் என்பவர் யார், இந்தக் கல்லூரியில் படித்தவரா, எந்த விதியின்படி இவரிடம் கையெழுத்து வாங்கினீர்கள் என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். நான் எழுதிக் கொடுத்த பதில் இப்போதும் அந்தக் கோப்பில் இருக்கும்: "இவர் இக்கல்லூரியில் படித்தவர் அல்லர். இந்தப் பட்டத்துக்கு உரிய விலையைக் கொடுத்தவர்."